நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

குக்கர் விசில் வாங்கத்தான் போனேன்.
குவைத் வெள்ளிச் சந்தையில்
சக்கரம் போன குழந்தை வண்டிக்கும்
யார் வீட்டிலோ கழற்றிய திரைச்சீலைகளுக்கும் நடுவே
ஓர் அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம்.
அரபி, உருது, கார் ரிப்பேர் கையேடுகள்.
ஆக அடியில்,
அட்டை கிழிந்து, பெயர் போய்,
ஒரு தமிழ்த் துப்பறியும் நாவல்.

ஐந்நூறு பில்ஸ் என்றான் கடைக்காரன்.
இருநூற்றைம்பது என்றேன்.
படிக்கவா, பொட்டலம் மடிக்கவா என்றான்.
படிக்க.
சரி, எடுத்துக்கொள்.

பஸ்ஸில் புரட்டினேன்.
ஒன்பதாம் பக்கத்தில் பிணம்.
நூற்றுப் பன்னிரண்டில் ஒரு பில்,
முபாரக்கியா சாப்பாட்டுக் கடையுடையது.
அரபியில் எண்கள் மட்டும் எனக்கு வரும்:
மேஜை பதினான்கு.
ஒன்று. ஒன்று. இரண்டு.
எது ஒன்று, எது இரண்டு, தெரியவில்லை.
பின்பக்கம் பென்சிலில், தமிழில்,
சாய்ந்த கையெழுத்து:
'மீன் அருமை. கொலைகாரன் டிரைவர்தான்.'

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி
ரோட்டைக் கடந்து
எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறினேன்.

பதினான்கில் ஒரு குடும்பம், நான்கு பிள்ளைகள்.
பதினைந்தில் உட்கார்ந்து பில்லை நீட்டினேன்.
பரிமாறும் ஷஹீதுல் டாக்காக்காரர்;
காசு கேட்க வந்தேன் என்று முதலில் பயந்தார்,
பிறகு வாசித்தார்:
ஸுபைதி ஒன்று. ரொட்டி ஒன்று. தேநீர் இரண்டு.
அதையே கொண்டு வாங்க.

ஸுபைதி என்பது நம் வாவல்.
ஆனால் இங்கே அதைப் புத்தகம்போல விரித்து
நெருப்பில் காட்டுகிறார்கள்.
ஓரம் கருகி, நடு முள் வரை உப்பேறி,
மேலே பிழிய முழு எலுமிச்சை.
என் முகத்தைவிடப் பெரிய ரொட்டி,
ஊதினால் விரலைச் சுடும் கொப்புளங்கள்.
கேட்காமலே ஒரு கட்டு ஜர்ஜீர் கீரை,
கடித்தால் கடுகு போல மூக்கில் ஏறும்.
மேஜைக்கடியில் ஒரு சாம்பல் பூனை
தன் பங்கில் உறுதியாக இருந்தது.

முப்பத்தெட்டு வயது.
நடுத்துண்டை யாருக்கும் எடுத்து வைக்காமல்
ஒரு முழு மீனை நானே தின்றது
இன்றைக்குத்தான்.

தேநீர் வந்தது,
இடுப்பு ஒடுங்கிய இரண்டு கண்ணாடிக் குவளையில்.
எதிரே யாரும் வருவார்களா என்று
ஷஹீதுல் ஒருமுறை பார்த்தார்.
முதல் குவளையைக் குடித்தேன்.
பிறகு இரண்டாவதையும் குடித்தேன்,
அது கொஞ்சம் ஆறியிருந்தது, அவ்வளவுதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
ஆனால் மாலில் தமிழ்ப் படம் ஓடியது,
ஆறரை மணிக் காட்சி.
முன்வரிசையில் ஓர் எகிப்தியத் தம்பதி,
அரபி எழுத்தை அவர்கள் முந்தி வாசித்துவிட
சிரிப்பு முதலில் வந்தது,
நகைச்சுவை பின்னால் வந்தது.
இடைவேளைக்குள் எனக்கும் பழகிவிட்டது:
அந்த அம்மாள் தோள் குலுங்கினால்
நானும் வாயைத் தயாராக வைத்துக்கொண்டேன்.
ஓர் இடத்தில் அவர் அழுதார்.
கதாநாயகன் இன்னும் கதவையே திறக்கவில்லை.

ராத்திரி, டார்ச் வெளிச்சத்தில்
நாவலை முடித்தேன்.
காலை டயாலிசிஸ் பிரிவில் ஐந்தரைக்கு இருக்க வேண்டும்,
இருந்தும் முடித்தேன்.
டிரைவர் இல்லை.
பாவம், நூற்றெண்பதில் அவனே செத்துப்போகிறான்.
யாரென்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

ஆனால் பென்சில்காரரே,
அல்லது பென்சில்காரியே,
ரெண்டாவது தேநீரைக் குடித்தவரே,
நூற்றுப் பன்னிரண்டோடு மூடி வைத்துவிட்டு
எங்கே போனீர்கள்?
ஊருக்கா, வேறு வேலைக்கா,
அல்லது விடை தெரிந்த தெம்பிலா?
உங்கள் வரிக்குக் கீழே
நீல மையில் எழுதியிருக்கிறேன்:
மீன் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி.

அடுத்த கட்டிலிலிருந்து சுகிர்தா,
தூக்கத்திலேயே:
'விசில் வாங்கினியாடி?'